கூப்பிட்டால் வராத லாப்ரடார்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

கேள்வி: மடிப்பாக்கத்தில் தனி வீடு. ஒன்றரை வயது ஆண் லாப்ரடார், பெயர் சீசர். வீட்டுக்குள் கூப்பிட்டால் வருகிறான். கேட் திறந்தால் தெருவுக்கு ஓடிவிடுகிறான். கூப்பிட்டால் நின்று பார்த்துவிட்டு இன்னும் வேகமாக ஓடுகிறான். நானும் மகனும் துரத்திப் பிடித்து வந்ததும் மாமனார் செருப்பைக் காட்டித் திட்டுவார். ஒரு பயிற்சியாளர், தன்னிடம் ஒரு மாதம் விட்டால் 35,000 ரூபாயில் சரிசெய்து தருவதாகச் சொல்லி அட்வான்ஸ் கேட்கிறார். இல்லையென்றால் ரிமோட்டில் ஷாக் கொடுக்கும் பட்டை வாங்கச் சொல்கிறார். எதைச் செய்யலாம்?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்றால் பிழைத்தீர்கள்.

சீசருக்குப் புத்தி போதவில்லை என்று நினைக்காதீர்கள். அவன் கணக்கு சரியாகவே இருக்கிறது. தெருவில் நீங்கள் கூப்பிட்டு அவன் வந்தால் ஓட்டம் முடிகிறது, கேட் சாத்தப்படுகிறது, செருப்பு தெரிகிறது. வராமல் ஓடினால் இரண்டு பேர் பின்னாலேயே ஓடி வந்து விளையாடுகிறார்கள். அவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? துரத்துவதை இன்றே நிறுத்துங்கள். வந்த நாயைத் திட்டுவதையும்தான். ஓடியதற்காகத் திட்டுகிறோம் என்பது நமக்குத்தான் தெரியும்; நாய்க்கு, வந்ததற்காகத் திட்டு விழுந்தது.

'வா' என்பது நம் வீடுகளில் நாள் முழுக்க எல்லோருக்கும் சொல்கிற சொல். நாய்க்கு அது காதில் விழுந்தும் விழாத சத்தமாகிவிட்டது. வேறு ஏதாவது குட்டையான சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். விசில் வேண்டாம், காலையில் குப்பை வண்டிக்காரர் ஊதுவதும் அதுதான். புதுச் சொல்லை ஒருமுறைதான் சொல்ல வேண்டும். மருந்து கொடுக்க, குளிப்பாட்ட, நகம் வெட்ட அந்தச் சொல்லால் கூப்பிடக் கூடாது. அதற்கெல்லாம் நீங்களே எழுந்து போய் அழைத்து வாருங்கள்.

முதல் வாரம் ஹாலுக்குள் மட்டும். சீசர் இரண்டடி தூரத்தில் சும்மா நிற்கும்போது சொல்லைச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் இடது கையால் மெதுவாகக் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் சிக்கன் கொடுங்கள். ஒரே துண்டாக இல்லை. சுண்டுவிரல் நக அளவில் ஐந்தாறு துண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு பட்டையை விட்டு, "போ" என்று அனுப்பிவிடுங்கள். இந்த "போ" இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். வந்தால் மாட்டிக்கொள்வோம் என்பதுதான் அவன் பயம். வந்தாலும் திரும்பப் போகலாம் என்று தெரிந்தால் ஓடி வருவான். பட்டையைப் பிடிப்பதும் சும்மா இல்லை. கைக்கெட்டும் தூரம் வரை வந்து, கை நீண்டதும் நழுவுகிற நாய்கள்தான் அதிகம்.

சிக்கன் உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்தது. சைவ வீடென்றால் பனீர். பாயசத்துக்கு வாங்கிய உலர்திராட்சை வேண்டவே வேண்டாம், நாய்க்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அன்று கொடுத்த அளவுக்கு ராத்திரிச் சாப்பாட்டில் குறையுங்கள். லாப்ரடார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குண்டாகிவிடும்.

அடுத்து மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால். காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள், அப்புறம் தரை பாதத்தைச் சுடும். அதற்குப் பிறகுதான் தெரு, அதுவும் பத்து மீட்டர் கயிற்றோடு. துணி காயப்போடும் பருத்திக் கயிறு போதும். நைலான் கையை அறுத்துவிடும். கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டாமல் உடம்பில் மாட்டும் ஹார்னஸில் கட்டுங்கள். நீண்டு சுருங்கும் லீஷை வாங்காதீர்கள். அது எப்போதும் இழுப்பிலேயே இருப்பதால், இழுத்தால் இன்னும் தூரம் போகலாம் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும்.

இனி அந்தப் பயிற்சியாளர். ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வரும். அதில் சீசர் அம்பு மாதிரி ஓடி வருவான். யாரிடம்? அவரிடம். எங்கே? பூனையோ தெரு நாயோ ஸ்கூட்டரோ இல்லாத, சுற்றிச் சுவர் எழுப்பிய அவர் இடத்தில். காலையிலிருந்து சாப்பிட்டானா என்று வீடியோவில் தெரியாது. கழுத்தில் முள் பட்டை இருந்ததா என்றும் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு கூப்பிடப்போவது நீங்கள், திறந்திருக்கப்போவது உங்கள் கேட். பழையபடி ஓடினால், "நீங்கள் வீட்டில் தொடரவில்லை மேடம்" என்று அவரே சொல்வார். அப்புறம் 'ரிஃப்ரெஷர்' என்று இன்னொரு தொகை.

நாய்க்குட்டி வளர்த்து விற்பவருக்கு 2017-இல் மத்திய அரசு விதி போட்டது; செல்லப்பிராணிக் கடைக்கு 2018-இல். இருவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதையே எத்தனை பேர் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள். நாயைப் பழக்குகிறேன் என்று போர்டு மாட்டுபவருக்கு அப்படி ஒரு பதிவும் கிடையாது. யூனிஃபார்ம் தைத்துக்கொண்டு பெயருக்குப் பின்னால் 'மாஸ்டர்' போட்டால் முடிந்தது. ஆகவே இரண்டே கேள்வி கேளுங்கள்: பயிற்சியின்போது நான் கூட இருக்கலாமா? நாய் தப்புச் செய்தால் என்ன செய்வீர்கள்? முதலாவதற்கு "நீங்கள் இருந்தால் கவனம் சிதறும்" என்று பதில் வந்தால் வண்டியைக் கிளப்பிவிடுங்கள்.

ஷாக் பட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வலி வந்த நேரத்தில் எதைப் பார்த்ததோ, அதுதான் வலித்தது என்று நாய் முடிவு செய்யும். பக்கத்து வீட்டுக் குழந்தை சைக்கிளில் போகும்போது பட்டன் அழுத்தினால், உங்களிடம் ஓடி வர அல்ல, சைக்கிளைக் கண்டால் உறும அவன் கற்றுக்கொள்வான்.

இதைப் படிக்கும் சிப்பிப்பாறை, கன்னி நாய்களை வளர்ப்பவர்களுக்கு ஒரு விலக்கு. முயலைக் கண்ணால் கண்டு, துரத்திப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனங்கள் இவை. நான் சொன்ன அத்தனையும் அவற்றுக்கும் பலிக்கும், தெருவில் பூனை ஓடாதவரை. ஓடிவிட்டால் சிக்கனும் இல்லை, சொல்லும் இல்லை. காதையே அடைத்துவிட்டது போல் போகும், பேருந்து வருவதையும் பார்க்காது. எங்கள் கன்னி அப்படியில்லை என்று எனக்கு எழுதுபவர்கள் உண்டு. அது இன்னும் பூனையைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்த நாய்களைச் சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் கயிற்றிலிருந்து அவிழ்க்காதீர்கள், பத்து வருடம் பழகியிருந்தாலும். ஓட்டம் வேண்டுமே என்றால் சுவருள்ள காலி மனையைக் கேட்டு வாங்குங்கள். நாய்கள் அவிழ்ந்து ஓட வேலி போட்ட ஒரு திடல் பேட்டைக்கு ஒன்று வேண்டும். பூங்கா வாசலில் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை வைக்கத் தெரிந்தவர்களுக்கு அது மட்டும் தோன்றுவதில்லை.

பழக்கி முடிக்க மாதக் கணக்காகும். அதற்குள் ஒருநாள் ஓடிவிட்டால், புதுச் சொல்லை வீணாக்காதீர்கள். அவனுக்கு எதிர்த் திசையில் கலகலவென்று கத்திக்கொண்டு ஓடுங்கள், அல்லது தரையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவை ஆட்டுங்கள். ஸ்கூட்டரில் முன்னால் நின்று போகப் பழகிய நாயென்றால் வண்டியை ஸ்டார்ட் செய்தாலே வந்து ஏறிக்கொள்ளும். தீபாவளி வாரத்தில் எந்தப் பயிற்சியையும் நம்ப வேண்டாம், கேட்டுக்குப் பூட்டுப் போடுங்கள். மாநகராட்சி உரிமத்துக்காகப் போடும் மைக்ரோசிப் நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது. அரிசி அளவு சிப், உள்ளே ஓர் எண், அவ்வளவுதான். யாராவது பிடித்து, ரீடர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோனால்தான் உங்கள் பெயர் வரும். பட்டையில் உங்கள் போன் எண்ணைப் பொறித்த ஒரு தகடும் தொங்கட்டும்.

மாமனாரை விட்டுவிட்டு இதில் எதுவும் நடக்காது. அவர் கையாலேயே தினமும் காலை ஒருமுறை கூப்பிட்டுச் சிக்கன் கொடுக்கச் சொல்லுங்கள். சிக்கனைத் தொடமாட்டார் என்றால் பனீர்.