பதிவுப் பெட்டி வீட்டிலேயே இருக்கட்டும்

கேள்வி: டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். 24 அடி டிராவல் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துப் போகும் நடமாடும் வீடு) வாங்கியிருக்கிறோம். செப்டம்பர் கடைசியில் கிளம்பி நியூ மெக்சிகோ, அரிசோனா, யூட்டா என்று ஆறு வாரம் சுற்றத் திட்டம். எனக்கு டல்லாஸின் அமெரிக்கக் கால்பந்து அணியான கௌபாய்ஸ் ஆட்டம் ஒன்றுகூடத் தவறக் கூடாது. மாமியாருக்கு சன் டிவி சீரியல் வேண்டும். வீட்டில் ஆன்டெனாவோடு இணைத்த டிவிஆர் (டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி) இருக்கிறது. அதைக் கழற்றி டிரெய்லரில் வைத்துக்கொள்ளலாமா? பக்கத்து வீட்டுக்காரர் செயற்கைக்கோள் டிஷ் வாங்கச் சொல்கிறார்.

பதில்: கழற்றாதீர்கள். டிரெய்லர் பார்ப்பதற்கான இடம், பதிவு செய்வதற்கு அல்ல.

உங்கள் கௌபாய்ஸையே எடுத்துக்கொள்வோம். ஞாயிறு பகல் ஆட்டங்களை ஃபாக்ஸும் சிபிஎஸ்ஸும் ஊருக்கு ஊர் மாற்றித்தான் காட்டுகின்றன. டல்லாஸில் ஃபாக்ஸின் சேனல் 4 கௌபாய்ஸைக் காட்டும் நேரத்தில், சால்ட் லேக் சிட்டி நிலையம் வேறு ஆட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் அந்த வேறு ஆட்டத்தைத்தான் துல்லியமாகப் பதிவு செய்து வைத்திருக்கும். ஞாயிறு இரவு என்பிசி, வியாழன் இரவு பிரைம் வீடியோ ஆட்டங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை நாடு முழுக்க ஒன்றுதான்.

அடுத்தது மின்சாரம். ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து டிவிஆர் 20 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போது பதிவு வரும் என்று தெரியாததால் நாள் முழுக்க விழித்திருக்க வேண்டும். ஆக 480 வாட்-மணி. டிரெய்லரோடு வரும் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் கெடுதல் இல்லாமல் எடுக்கலாம், அதாவது சுமார் 600. பதிவுப் பெட்டியே முக்கால்வாசிக்கு மேல் தின்றுவிட்டால், யூட்டாவின் அக்டோபர் குளிரில் ஹீட்டர் விசிறி எதில் ஓடும்? கரண்ட் இணைப்புள்ள கேம்ப்கிரவுண்டில் மட்டுமே தங்கினால் பரவாயில்லை. ஆனால் அந்தப் பக்கம் போகிறவர்கள் கரண்ட் இல்லாத பொது நிலத்தில் இரண்டு ராத்திரியாவது தங்காமல் வருவதில்லை.

சரி, வீட்டிலேயே இருக்கும் பெட்டியை எப்படிப் பார்ப்பது? உங்கள் டிவிஆர் வீட்டுக்கு வெளியே இருந்து பார்க்க விடுகிறதா என்று முதலில் பாருங்கள். எல்லாப் பெட்டியும் விடாது. ஆன்டெனா சிக்னலை வீட்டு நெட்வொர்க்குக்குக் கொடுக்கும் எச்டிஹோம்ரன் ட்யூனரும், அதைப் பதிவு செய்து வெளியே அனுப்ப வீட்டுக் கணினியில் பிளெக்ஸ் மென்பொருளும் அதன் பிளெக்ஸ் பாஸ் சந்தாவும் சேர்ந்தால் வேலை நடக்கும். ஆன்டெனா சிக்னல் அதன் முழு அளவில் 19 எம்பிபிஎஸ் வரை போகும். ஒரு மணி நேரத்துக்கு எட்டு ஜிபிக்கு மேல். அதை அப்படியே இழுக்காமல், பிளெக்ஸ் அமைப்பில் 4 எம்பிபிஎஸ் என்று குறைத்துவிடுங்கள். மூன்று மணி நேர ஆட்டம் ஐந்தரை ஜிபிக்குள் முடியும். டிரெய்லரில் இருக்கும் சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே இதைச் சோதியுங்கள். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் நேற்றைய பதிவு ஒன்றை ஓட்டிப் பாருங்கள். ஒரே வீட்டு வைஃபையில் சோதித்துவிட்டு “நன்றாக ஓடுகிறது” என்று கிளம்புகிறவர்கள்தான் பாதி வழியில் எனக்கு எழுதுகிறார்கள். நானும் ஒருமுறை பட்டேன்: கிளம்பிய மூன்றாம் நாள் வீட்டுப் பக்கம் இடி மின்னல், ரவுட்டர் உறைந்துவிட்டது, இரண்டு வாரம் ஒன்றும் பதிவாகவில்லை. இப்போது ரவுட்டரை ஒரு டைமர் பிளக்கில் மாட்டி, தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு நிமிடம் அணைந்து எரியும்படி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு மெனக்கெட வேண்டாம் என்றால் யூடியூப் டிவி மாதிரி இணைய டிவி சந்தா ஒன்றை இரண்டு மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு அவர்களுடைய சர்வரில் நடக்கும், ஒன்பது மாதம் இருக்கும். ஆனால் நேரலையில் உள்ளூர் சேனல்கள் நீங்கள் நிற்கும் ஊருக்குத் தக்கபடி மாறும். டல்லாஸ் சேனலின் ஆட்டத்தைப் பதிவாக, தாமதமாகத்தான் பார்க்கப் போகிறீர்கள். அதுவரை நண்பர்களின் வாட்ஸாப் குழுவைத் திறக்காமல் இருப்பது உங்கள் பாடு.

நேரமும் குழப்பும். கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் கோடை நேரம் முடியும்வரை, டல்லாஸில் பகல் 12 மணி என்றால் யூட்டாவின் மோவாபில் 11, அரிசோனாவின் பேஜில் 10. அரிசோனா கோடை நேரத்தை ஏற்பதில்லை, அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ நேஷன் என்ற பழங்குடிப் பகுதி ஏற்கிறது. பேஜைச் சுற்றி வண்டி ஓட்டும்போது போன் கடிகாரம் முன்னும் பின்னும் குதிக்கும்; அதை நம்பி ஆட்டத்துக்கு உட்காராதீர்கள்.

இணையத்துக்கு, கேம்ப்கிரவுண்ட் வைஃபையைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லா வண்டியும் அதில்தான் தொங்கும். போன் ஹாட்ஸ்பாட் நகரங்களில் போதும், ஆழமான பள்ளத்தாக்குகளுக்குள் போதாது. அங்கே செயற்கைக்கோள் இணையம் தரும் ஸ்டார்லிங்க் மினி உதவும், அது 25 முதல் 40 வாட் வரை இழுக்கும். டிவியோடு சேர்த்து மூன்று மணி நேரம் ஓட்டினாலும் சுமார் 200 வாட்-மணிதான். பார்த்து முடித்ததும் அணைத்துவிடலாம் என்பதுதான் இதற்கும் டிவிஆருக்கும் உள்ள வித்தியாசம்.

டிஷ், வருடம் முழுக்க வண்டியிலேயே வாழ்கிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு. தெற்கு வானம் மறைக்காத இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். ஒரு பைன் மரம் போதும், படம் போய்விடும். டல்லாஸ் உள்ளூர் சேனல்களைச் சுமந்து வரும் செயற்கைக்கோள் கதிர் யூட்டாவை எட்டாது, அதனால் போகும் ஊருக்கெல்லாம் முகவரி மாற்றச் சொல்லிப் போன் போட வேண்டும். ஆறு வாரத்துக்கு வேண்டாம்.

மாமியார் விஷயம்தான் சுலபம். அவருடைய சீரியலைப் பதிவு செய்யவே தேவையில்லை. சன் நெக்ஸ்ட் ஆப்பில் பழைய எபிசோடுகள் கிடக்கும், நினைத்த நேரத்தில் பார்க்கலாம். டேட்டா குறைவாக உள்ள நாளில் யாருக்கு முன்னுரிமை என்பதை மட்டும் கிளம்பும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லரின் கூரை ஆன்டெனாவையும் மறந்துவிடாதீர்கள். உள்ளூர் செய்தி, வானிலை எல்லாம் காசில்லாமல் வரும். ஒவ்வொரு ஊரிலும் சேனல் ஸ்கேன் செய்ய வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் டிவி பின்னால் உள்ள சுவர் பிளேட்டைப் பாருங்கள். சின்ன விளக்கோடு ஒரு பூஸ்டர் பட்டன் இருக்கும். ஆன்டெனாவுக்கு அது எரிய வேண்டும், கேம்ப்கிரவுண்ட் கேபிள் மாட்டினால் அணைந்திருக்க வேண்டும். “ஆன்டெனா போச்சு” என்று வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு பட்டன்தான் பதில்.

உங்களுடையது கைப்பிடியைச் சுழற்றி ஏற்றும் வகை என்றால், ஏற்றியதும் வண்டிச் சாவியை அந்தக் கைப்பிடியிலேயே மாட்டிவிடுங்கள். இறக்காமல் கிளம்ப முடியாது. இந்தப் பழக்கம் எனக்கு வந்தது ஒரு மரக்கிளை என் ஆன்டெனாவைப் பிடுங்கிக்கொண்ட பிறகு.