வாசகர் கேள்வி – பதில்: இரண்டே சக்கரத்தில் நின்ற குட்டி கார்

கேள்வி: பழைய பத்திரிகை ஒன்றில் முட்டை மாதிரி ஒரு குட்டி காரின் படம் பார்த்தேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே சக்கரம். நின்றால் குப்புற விழாதா?
(வாசகர், ஈரோடு)

விழாது. நீங்கள் பார்த்தது 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சிக்காக ஜெனரல் மோட்டார்ஸ் செய்த இ.என்.வி. என்ற மின்சார வண்டியாகத்தான் இருக்கவேண்டும். மொத்தம் மூன்று வண்டிகள், ஜியாவ், மியாவ், ஷியாவ் என்று சீனப் பெயர்கள். பெருமை, மாயம், சிரிப்பு என்று பொருள். சின்ன வயதில் விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்பீர்கள், அது முன்னால் சாய்ந்தால் கையையும் முன்னால் கொண்டுபோவோம் இல்லையா, அதேதான் இங்கேயும். வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று சென்சார்கள் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க, சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் மோட்டார் அதை அந்தப் பக்கமாகத் துளி நகர்த்தித் தாங்கிக்கொள்ளும். இந்த நுட்பம், நின்றபடியே ஓட்டும் இரண்டு சக்கர வண்டிக்குப் பேர்போன செக்வே நிறுவனத்துடையது. ஒரு சக்கரம் முன்னாலும் இன்னொன்று பின்னாலும் சுற்றினால் போதும், நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி திரும்பிவிடும்.

இரண்டு பேர் உட்காரலாம். நீளம் சுமார் 1.5 மீட்டர், எடை 500 கிலோவுக்கும் குறைவு, மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம், ஒரு சார்ஜுக்கு 40 கிலோமீட்டர். ஒரு சாதாரண கார் நிற்கும் இடத்தில் இது ஐந்து நிற்கும். ஜி.பி.எஸ்., சென்சார்கள், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோ மூன்றும் சேர்ந்து அதைத் தானாகவே ஓட்டும். நம்மை இறக்கிவிட்டுத் தானே போய் நிறுத்திக்கொள்ளும், போனில் கூப்பிட்டால் திரும்பி வரும் என்பதுதான் திட்டம்.

கேள்வி: அவ்வளவு நல்ல வண்டி என்றால் ஏன் விற்பனைக்கு வரவில்லை?
(வாசகர், திருச்சி)

கண்காட்சித் தரை வேறு, தெரு வேறு. இரண்டு சக்கரத்தில் நிற்க வேண்டுமானால் சும்மா நிற்பதற்கே மின்சாரம் செலவாகும், பள்ளம் மேடு வந்தால் இன்னும் சிரமம், பெரிய லாரி ஒன்று இடித்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் இருக்கிறது. 2012-இல் பெய்ஜிங்கில் இரண்டாவது மாடலைக் காட்டியபோது நான்கு சக்கரம் வைத்துவிட்டார்கள், ஏ.சி.யும் சாமான் வைக்க இடமும் சேர்ந்தன.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு வருத்தம். சின்ன உருவம் ஒரு பக்கம் போயிற்று, தானே ஓடும் மூளை இன்னொரு பக்கம் போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் பங்குதாரராக இருக்கும் சீனக் கூட்டு நிறுவனம் 2020-இல் வூலிங் ஹாங்குவாங் மினி என்ற மின்சார காரை 28,800 யுவானில் தொடங்கும் விலைக்குக் கொண்டுவந்து அங்கே ஏராளமாக விற்றது. மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம், ஆனால் ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். கூகுளின் சகோதர நிறுவனமான வேமோ ஆள் இல்லாமல் ஓட்டும் டாக்சிகளோ பெரும்பாலும் இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஜாகுவார் கார்கள். ஒரே ஒரு ஆளைக் கூட்டிப்போக இரண்டு டன் இரும்பை நகர்த்துவதற்கா இத்தனை பாடு? இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்தால்தான் நகரத்துக்கு நிம்மதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: ஆள் இல்லாத குட்டி வண்டியில் சாதாரண ஜனங்கள் எங்காவது போகிறார்களா?
(வாசகர், மதுரை)

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், 2011-இல் இருந்து. ஐந்தாம் முனையத்துக்கும் அதன் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே 21 வண்டிகள், வண்டிக்கு நாலு பேர். திரையில் இடத்தைத் தொட்டால் போதும். ஆனால் அது தனிப்பாதை, குறுக்கே ஒரு ஆளும் வரமாட்டார்.

கேள்வி: என் அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. இந்த வண்டிகள் அவரைப் போன்றவர்களுக்கு உதவுமா?
(வாசகி, நாகர்கோவில்)

என் பெரியப்பா பார்வை குறைந்ததும் ஸ்கூட்டர் சாவியைக் கதவோரத்து ஆணியில் மாட்டினார். அப்புறம் அதை எடுக்கவே இல்லை. ரேஷன் கடைக்குப் போவதென்றால்கூட யாராவது வரும்வரை திண்ணையில் காத்திருப்பார். அதனால் உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது அம்மா.

உதவும், உதவியும் இருக்கிறது. கூகுள் 2014-இல் காட்டிய இரண்டு இருக்கை வண்டியில் ஸ்டியரிங்கும் இல்லை, பெடலும் இல்லை. இடிபட்டவருக்கு அடி குறைய வேண்டும் என்று முகப்பில் நுரைமெத்தை வைத்திருந்தார்கள். 2015 அக்டோபரில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்துப் பொதுச் சாலையில், பார்வை இழந்த ஸ்டீவ் மாஹன் என்பவர் அந்த வண்டியில் தன்னந்தனியாகப் போனார், கூட ஒரு ஊழியர்கூட இல்லை. 2017-இல் அந்தக் குட்டி வண்டிகளை ஓரங்கட்டிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021 ஆகஸ்டில் டோக்கியோ பாராலிம்பிக் கிராமத்தில் டொயோட்டாவின் இ-பேலட் என்ற தானியங்கி மின்சார வண்டி, தெருவைக் கடந்த பார்வைக் குறைபாடுள்ள ஜப்பானிய ஜூடோ வீரர் ஒருவரை இடித்தது. மிக மெதுவாகத்தான் வந்தது, உள்ளே ஊழியர்களும் இருந்தார்கள். ஆனாலும் அடிபட்டவர் தன் போட்டியில் இறங்க முடியாமல் போயிற்று. மின்சார வண்டி மெல்ல வரும்போது காதுக்குத் தெரியாது, கண்ணும் தெரியாதவருக்கு வேறு என்ன துணை? ஆகவே அம்மா உள்ளே ஏறி உட்காருவதற்கு மட்டுமல்ல, அதே தெருவில் நடந்து போவதற்கும் ஏற்ற வண்டியா என்று பார்த்துத்தான் நான் எதையும் பாராட்டுவேன்.