கண்ணுக்குத் தெரியும் மலை

வணக்கமுங்க அண்ணா,

ஸ்விட்ச்சில் 'செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' முடிச்சுப்போட்டனுங்க. மெஷின் மச்சானோடது, திருப்பி வாங்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் எந்த கேமும் அரை மணி நேரத்துக்கு மேல ஓட மாட்டேங்குதுங்க. எங்கிட்ட இருக்கறது ஐ5 லேப்டாப், 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 'எல்டன் ரிங்' வாங்கலாமுங்களா? அதே மாதிரி வேற என்ன இருக்குதுங்க?

வாசகர், காங்கேயம்

வணக்கம் தம்பி,

எல்டன் ரிங் இப்போது வேண்டாம். குறைந்தபட்சமே 12 ஜிபி ராமும் ஜிடிஎக்ஸ் 1060 போன்ற ஒரு தனி கிராபிக்ஸ் கார்டும் கேட்கும்.

"அதே மாதிரி" என்று பார்த்தால் காற்றில் மிதக்கும் கிளைடரும், ஏற ஏறத் தீரும் ஸ்டாமினாவும் உள்ள கேம்கள் ஏராளம். ஆனால் உங்களைப் பிடித்து வைத்தது அதுவாக இருக்காது. காங்கேயத்திலிருந்து சிவன்மலைப் பக்கம் போகும்போது மலை கண்ணில் பட்டுக்கொண்டே வருமே, அந்த இழுப்புத்தான். செல்டாவின் நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அமைத்ததாக அதை உருவாக்கியவர்களே 2017இல் விளக்கினார்கள். பெரிய முக்கோணம் தூரத்திலிருந்து கூப்பிடும். நடுத்தரமானது பின்னால் இருப்பதை மறைக்கும். ஏறுவதா, சுற்றிப் போவதா என்பது உங்கள் முடிவு.

இன்னொன்று, விதிகள். இடிமழையில் இரும்பு வாளில் பொறி பறக்கும். கழற்றி எதிரியின் காலடியில் வீசிவிட்டால் இடி அங்கே இறங்கும். புல்லைக் கொளுத்தினால் காற்று மேலெழும்பும், கிளைடரை விரிக்கலாம். யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

மலைதான் பிடித்ததென்றால் 'எ ஷார்ட் ஹைக்' (2019) எடுங்கள். தங்க இறகுதான் அதில் ஸ்டாமினா. உச்சிக்குப் பக்கத்தில் குளிரில் இறகு உறைந்துவிடும், தானாக நிரம்பாது. அதுவரை சேர்த்தது எவ்வளவு என்பது அங்கே தெரியும். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் லேப்டாப்புக்கு இது ஒரு சுமையே இல்லை.

'ஒகாமி எச்டி' பழைய செல்டாக்களின் வழி. நினைத்த மலைக்கெல்லாம் ஏற விடாது. ஆனால் தூரிகை இருக்கிறது. வானத்தில் வட்டம் போட்டால் சூரியன், பட்ட மரத்தின் மேல் வட்டம் போட்டால் பூ. பிசியில் மவுஸால் வரைவது சுகம். ஆரம்பக் கதைக்காட்சி ரொம்ப நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். 30 எஃப்பிஎஸ்ஸுக்கு (விநாடிக்கு 30 படம்) மேல் போகாது. அது கேமின் அமைப்பு, லேப்டாப்பின் கோளாறு அல்ல.

'இம்மார்ட்டல்ஸ் ஃபீனிக்ஸ் ரைசிங்' (2020) அச்சு அசல் செல்டா போலவே இருக்கும். ஆயுதம் மட்டும் உடையாது. தனி கார்டு உள்ள கம்ப்யூட்டர் கிடைக்கும்போது ஆடலாம். உயரத்தில் நின்று சுற்றிப் பார்த்துக் குறியிடும் வசதி ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் குறித்தால் மேப் முழுக்க ஐகான், கேம் வேலைப்பட்டியல் ஆகிவிடும். கண்ணில் பட்ட ஓரிரண்டை மட்டும் குறியுங்கள்.

'கென்ஷின் இம்பாக்ட்' இலவசம்தான். ஆனால் புது ஆட்களைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். 90 முறை இழுத்தால் ஐந்து நட்சத்திரம், அதாவது உச்ச தரம், உறுதி; நீங்கள் ஆசைப்பட்ட ஆளே வருவார் என்பது உறுதியில்லை. கைக்காசு கரையும்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போய் 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்' பாருங்கள், ராம் செருகும் இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அதில் தெரியும். இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருந்தால், அதே வகை, அதே வேகமுள்ள 8 ஜிபி ஸ்டிக் ஒன்று போடுங்கள். உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு ஸ்டிக் இருந்தால் அதற்கு வழி இரட்டிப்பாகும். டிடிஆர்4 வகை ராமின் இடத்தில் டிடிஆர்5 வகை உட்காராது. சில மாடல்களில் ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், கேட்டுக்கொண்டு போங்கள்.

பிறகு ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் 'டியூனிக்' என்ற, பழைய செல்டா பாணியில் குட்டி நரியாக ஆடும் சாகச கேமை எடுத்து ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். ஓடவில்லையென்றால் வாங்கி 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணியைத் தாண்டாமல் ரீஃபண்ட் கேட்டுவிடுங்கள்.