பனிக்குட நீரில் புரதச் சோதனை தேவையா?

சகோதரி, 23ஆம் வாரத்தில் கருப்பை வாயின் நீளம் 21 மில்லிமீட்டராகக் குறைந்திருக்கிறது, வலியோ காய்ச்சலோ இல்லை, பனிக்குட நீரை எடுத்துப் புரதம் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட வேண்டாம். அந்த நீரில் இன்டர்லூகின்-6, எம்எம்பி-8 என்ற புரதங்கள் உயர்ந்திருந்தால் உள்ளே அழற்சி இருக்கக்கூடும். குறைப்பிரசவ அபாயமும் கூடும். ஆனால் நீரெடுக்க வயிற்றில் ஊசி செலுத்த வேண்டும். பனிக்குடம் கசியும் ஆபத்து சிறிதளவேனும் உண்டு. உள்தொற்றுச் சந்தேகம் வலுத்தால் அந்தச் சோதனைக்கு அர்த்தமிருக்கிறது.

கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருப்பதால், பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து பற்றி நாளையே மருத்துவரிடம் கேளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். பின்னர் வயிறு இறுகி இறுகி வலித்தால், பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஃபைப்ரோநெக்டின் என்ற புரதத்தைப் பார்க்கும் சோதனை இருக்கிறது. அது நெகட்டிவ் என்றால் அடுத்த ஒரு வாரத்தில் பிரசவமாகும் வாய்ப்பு மிகக் குறைவு. நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.