நீலகிரி மண்ணும் நுண்ணுயிர்களும்: கேள்வி பதில்

கேத்தி, கேரட் விவசாயி: சார், உறைபனி முன்பு போல விழுவதில்லை. மண்ணுக்கு நல்லதுதானே?

பயிர் கருகாது, அவ்வளவுதான். ஊட்டிப் பக்கம் மண் கறுப்பாக இருப்பதற்குக் குளிர் ஒரு முக்கியக் காரணம். செத்த வேரையும் இலையையும் பாக்டீரியாவும் பூஞ்சையும் நிதானமாகத் தின்னும். மிச்சம் மட்காகத் தங்கும். 10 டிகிரி கூடினால் அவற்றின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 1 டிகிரி கூடினாலே ஆண்டு முழுக்கத் தீனி அதிகம், தின்றதில் பெரும்பகுதி கரியமில வாயுவாகப் போய்விடும். உழுத மண்ணில் இன்னும் வேகம். அறுவடை முடிந்ததும் சரிவை மொட்டையாக விடாதீர்கள்.

குன்னூர்: எந்த நுண்ணுயிர் உரப் பாட்டில் வாங்கலாம்?

முதலில் மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, பாருங்கள். தேயிலை மண் அமில மண். வெளியிலிருந்து ஊற்றும் பாக்டீரியா பல அதில் நிலைப்பதில்லை.

எமரால்டு: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட மழையில் நுண்ணுயிர் செத்துவிடுமா?

எல்லாம் சாகாது, ஆள் மாறும். நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கும் பாக்டீரியா தலைதூக்கும். போட்ட யூரியாவில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் பறக்கும். கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு சூடேற்றுவது அது. மேல்மண் அடித்துப்போனால் நுண்ணுயிர்க் கூட்டமும் அதோடு போகும். மறுபடி சொல்கிறேன், சரிவை மொட்டையாக விடாதீர்கள்.

கோத்தகிரி: காலிப் புல்வெளியில் மரம் நட்டால் கார்பன் சேருமே?

நடாதீர்கள். அது காலி இல்லை.

அதே கோத்தகிரி: ஐயா, மரம் இல்லாமல் நீலகிரியா? தாத்தா காலத்திலிருந்து இங்கே சீகை (வாட்டில்) மரம்தான்!

தாத்தாவுக்கு முன்னால் போவோம். சீகை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்தது. சாண்டிநல்லா சதுப்பில் மட்காமல் தங்கிய பீட் மண்ணை ஆராய்ந்து சூழலியல் ஆய்வாளர் ஆர். சுகுமார் குழு 1993-இல் கட்டுரை வெளியிட்டது. 20,000 ஆண்டுக்கு முன்பே அங்கே புல் இருந்தது தெரிந்தது. புல்வெளியின் கார்பன் பெரும்பாலும் மண்ணுக்குள், வேரில். தீ வந்தாலும் அது பெரும்பாலும் தப்பும். சீகையோ வேர்முடிச்சு பாக்டீரியாவை வைத்து நைட்ரஜனை மண்ணில் ஏற்றும். புல்லோடு பழகிய நுண்ணுயிர்க் கூட்டமே மாறிவிடும். சோலை (மலைப் பள்ளத்தின் இயற்கைக் காடு) ஓரத்தில் சோலை மரம் நடுங்கள், சண்டைக்கு வரமாட்டேன்.

மஞ்சூர்: அப்போது சீகையை வெட்டினால் புல் வந்துவிடுமா?

தானாக வராது. சீகை விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும், ஏறிய நைட்ரஜனும் சீக்கிரம் இறங்காது. முளைப்பதைத் தொடர்ந்து பிடுங்க வேண்டும்.

குந்தா: நல்ல நுண்ணுயிர் பாட்டில் ஒன்று சொல்லுங்கள்.

குன்னூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கூடலூர்: பாட்டில்...

பி.எச்.!

ஊட்டி, மாணவி: வறட்சியை அதிகம் தாங்குவது எது சார்?

பொதுவாகப் பூஞ்சைதான் அம்மா. அதன் இழைகள் பாக்டீரியா போக முடியாத தூரத்து ஈரத்தையும் எட்டும்.

மஞ்சூர்: வெட்டிய சீகை இலையை கம்போஸ்ட் போடலாமா?

போடலாம். காய் பிடிப்பதற்கு முன்பே வெட்டிவிடுங்கள்.