ஃப்ளாய்ட் ரோஸ் பூட்டிய கிட்டார்: கேட்டவையும் என் பதில்களும்

லாக்கிங் ட்ரெமலோ (கம்பிகளை இரு முனையிலும் பூட்டி, பார் என்ற கைப்பிடியால் சுருதியை ஏற்றி இறக்க உதவும் பிரிட்ஜ்; ஃப்ளாய்ட் ரோஸ் அதில் பெயர்பெற்றது) வைத்த கிட்டார் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான், வேறு வேறு வார்த்தைகளில். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஆர்டர் கொடுத்துச் செய்த கிட்டார் வந்து பத்து நாள் ஆகிறது. தடித்த கீழ் ஈ கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போனால், முதலில் சேர்த்தது இறங்கிவிடுகிறது. மூன்று மணி நேரம் போராடினேன். கிட்டாரில் கோளாறா?

கிட்டாரில் ஒன்றும் இல்லை, தம்பி. கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பாய். ஒரு பக்கம் ஆறு கம்பிகள், எதிர்ப்பக்கம், முதுகுக் குழிக்குள், மூன்று ஸ்பிரிங். நடுவில் பிரிட்ஜ் (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் உலோகத் தகடு) இரண்டு ஸ்டட் (மரத்தில் இறங்கிய தடித்த திருகு) மேல் கத்தி முனையில் நிற்கிறது. ஒரு கம்பியை முறுக்கினால் அந்தப் பக்க இழுவை கூடி, பிரிட்ஜ் முன்னால் சாயும். உடனே மற்ற ஐந்தும் தளரும். 25.5 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்), சாதாரண சுருதியில், 9-42 செட்டின் (மெல்லிய கம்பி 0.009, தடித்தது 0.042 அங்குலம்) மொத்த இழுவை கிட்டத்தட்ட 38 கிலோ. ஸ்பிரிங்குகள் அதற்குச் சரியாக ஈடுகொடுக்கும் இடத்தில்தான் பிரிட்ஜ் நிற்கும். அந்த இடம் தகடு உடம்புக்கு இணையாக இருக்கும் இடமாக அமைய வேண்டும். செட்டப் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

சுற்றிச் சுற்றி ஆறு கம்பியையும் முறுக்கிக்கொண்டிருந்தாலும் ஐந்தாறு சுற்றில் வந்து நிற்கும். ஆனால் நான் செய்வது வேறு. முதுகு மூடியைக் கழற்றினால் பிரிட்ஜின் கனமான பிளாக் தெரியும். அந்த பிளாக்குக்கும் குழியின் பின்சுவருக்கும் (ஸ்ட்ராப் பட்டன் இருக்கும் பக்கம்) நடுவே ஒரு மரத்துண்டைச் செருகுவேன். தகடு மட்டமாக நிற்கும் அளவுக்கு அந்தத் துண்டை உப்புத்தாளில் தேய்த்து வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய கேரம் பலகையின் ஓரத்தில் வெட்டியது. துண்டைச் செருகியதும் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் கிளா ஸ்குருக்களைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். இப்போது பிரிட்ஜ் துண்டின் மேல் சாய்ந்து அசையாமல் நிற்கும். சாதாரண கிட்டார் போல ஆறு கம்பியையும் நிம்மதியாகச் சுருதி சேர்க்கலாம். அப்புறம் இரண்டு கிளா ஸ்குருவையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கு. ஒரு கட்டத்தில் துண்டு இறுக்கம் விட்டுத் தானாக நழுவும். அதோடு நிறுத்திக்கொள். டியூனரில் பார்த்தால் சுருதி அப்படியே இருக்கும். இருபது நிமிட வேலை.

கேள்வி: நட்டைப் பூட்டியதும் எல்லாக் கம்பியும் கொஞ்சம் ஏறிவிடுகிறது. ஃபைன் டியூனரால் இறக்கலாம் என்றால் அது ஏற்கெனவே அடிவரை வந்துவிட்டது.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஃபைன் டியூனர்களை (பிரிட்ஜில் உள்ள குட்டித் திருகுகள்) நடுவில் வைத்துவிட்டுத்தான் நட்டைப் (கழுத்தின் உச்சியில் கம்பிகளை இறுக்கும் பூட்டு) பூட்ட வேண்டும். எல்லோருமே ஒரு தடவையாவது மறப்பார்கள், நானும் மறந்திருக்கிறேன். இன்னொன்று, நட்டுக்குப் பின்னால் ஹெட்ஸ்டாக்கில் ஒரு குறுக்குப் பட்டை இருக்கும். அதைக் கீழே இறக்க வேண்டும். நட்டின் மேற்பரப்பு சற்று வளைந்தது. கம்பி அந்த வளைவில் முழுதாகப் படியாமல் பின்பக்கம் அந்தரத்தில் நின்றால், கிளாம்ப் அதை அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். பூட்டுவதற்கு முன்பே கம்பி வளைவில் ஒட்டிப் படுத்திருந்தால் ஏற்றம் மிகச் சிறிதாகவே இருக்கும்.

பூட்டும் முன் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தூக்கி இழுத்துவிடு. சுருதி இறங்கும், திரும்ப ஏற்று. இனி இறங்காது என்கிற வரை. புதுக் கம்பியை அப்படியே பூட்டிவிட்டு, "லாக்கிங் சிஸ்டம் சுருதி நிற்கவில்லை" என்று குறை சொல்லக் கூடாது.

கேள்வி: அண்ணை, யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். கம்பி மாத்தலாம் எண்டு ஆறையும் ஒரேயடியாக் கழட்டினன். பிரிட்ஜ் உள்ளுக்கு விழுந்திட்டுது. பழுதாப்போச்சோ?

பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை. எதிர்ப்பக்கம் இழுக்க ஆள் இல்லாததால் ஸ்பிரிங் தன் பக்கம் இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். பிரிட்ஜின் வால் பக்கத்தை மெதுவாகத் தூக்கி, அதன் அடியில் ஒரு பெரிய அழிறப்பரையோ மடித்த துணியையோ வைத்துவிட்டுப் புதுக் கம்பிகளைப் போடுங்கள். இனிமேல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஃப்ரெட் போர்டைத் துடைக்க வேண்டுமென்றால் மட்டும் எல்லாவற்றையும் கழற்றலாம்.

கூடவே ஒன்று. கம்பியின் குண்டு முனையை வெட்டி சாடிலில் (பிரிட்ஜில் கம்பியைப் பிடிக்கும் துண்டு) செருகுவதுதான் வழக்கமான முறை. அதைத் தலைகீழாகவும் செய்யலாம். குண்டு டியூனர் பக்கம் நிற்கட்டும், வெறும் முனை சாடிலுக்குள் போகட்டும். வெட்டும் வேலை மிச்சம்.

கேள்வி: சார், ஒரு கைவினைஞரிடம் கிட்டார் செய்யக் கொடுக்கப்போகிறேன். ஃப்ளாய்ட் ரோஸ் வேண்டும். முன்கூட்டியே என்னென்ன முடிவு செய்ய வேண்டும்?

முதலில் பிரிட்ஜை வாங்கி அவர் கையில் கொடுங்கள். அதன் பிறகு அவர் மரத்தில் கை வைக்கட்டும். வரைபடத்தை நம்பித் துளை போட்ட கிட்டார்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அசல் ஃப்ளாய்ட் ரோஸின் ஸ்டட் இடைவெளி 74.3 மில்லிமீட்டர். லைசென்ஸ் பெற்ற நகல்கள் எல்லாவற்றிலும் அதே அளவு இருக்கும் என்று நினைக்கக் கூடாது. நட் அகலமும் அப்படித்தான். ஆர்2 என்றால் சுமார் 41.3 மி.மீ., ஆர்3 என்றால் சுமார் 42.9. கழுத்தை ஒரு அகலத்தில் செய்துவிட்டு நட்டை வேறு அகலத்தில் வாங்கினால், ஓரக் கம்பி ஃப்ரெட் விளிம்பிலிருந்து வழுக்கி விழும். பிளாக் உயரத்திலும் 32, 37, 42 மி.மீ. என்று வகை உண்டு. உடம்பின் தடிமனைப் பார்த்து எடுங்கள், இல்லையென்றால் முதுகு மூடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது, பாரை மேலே இழுத்துச் சுருதி ஏற்ற வேண்டுமா, அல்லது கீழே அழுத்தினால் மட்டும் போதுமா? ஏற்ற வேண்டுமென்றால் பிரிட்ஜுக்கு அடியில் மரத்தைக் குடைய வேண்டும். 1987இல் வந்த ஐபனேஸ் ஜெம் கிட்டாரில் ஸ்டீவ் வாய் என்ற கிட்டார் கலைஞருக்காக அங்கே சிங்கம் நகத்தால் கீறிய மாதிரி ஒரு குடைவு வைத்தார்கள். எதிர் உதாரணம் ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன். அவர் பிரிட்ஜை உடம்பின் மேல் படுத்திருக்கும்படி வைத்து, கீழே மட்டுமே அழுத்தினார். ஒரு கம்பியை நொடியில் டி-க்கு இறக்கும் டி-டூனா வேலை செய்வதும் அப்படிப் படுத்திருக்கும் பிரிட்ஜில்தான்.

ஃப்ரெட் போர்டின் வளைவையும் சொல்லிவிடுகிறேன். அசல் பிரிட்ஜின் சாடில்கள் 12 அங்குல ஆர வளைவுக்கு அமைந்தவை. நீங்கள் 16 அங்குலப் போர்டு கேட்டால் நடுக்கம்பிகள் உயர்ந்து நிற்கும். இரண்டு ஈ கம்பிகளின் சாடிலுக்கு அடியிலும் கால் மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகவும், ஏ, பி கம்பிகளுக்கு 0.1 மி.மீ. அளவிலும் பித்தளைத் தகடு வெட்டி வைத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: ஆக்ஷன் எவ்வளவு வைப்பது?

ஆக்ஷன் என்றால் ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம். கழுத்தில் ஆரம்பியுங்கள். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளி பாருங்கள். 0.2 மி.மீ. இருந்தால் போதும். அப்புறம் 12ஆவது ஃப்ரெட்டில் மெல்லிய மேல் ஈ 1.5, கீழ் ஈ 2 மி.மீ. அளவுக்கு ஸ்டட்டைத் திருப்பலாம்.

ஆனால் கம்பி முழு இழுவையில் இருக்கும்போது ஸ்டட்டைத் திருப்பாதீர்கள். ஆரம்பகாலத்தில் நான் திருப்பினேன். 'கிரீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு பாரைக் கீழே அழுத்தி டைவ் அடித்தால் பார் திரும்பி வரும், சுருதி மட்டும் ஒரு மயிரிழை தள்ளியே நிற்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் கத்தி முனையில் அரிசி நொய் அளவுக்கு ஒரு பொக்கை தெரிந்தது. தகடு மாற்றிய செலவு என் கணக்கில். தளர்த்திவிட்டுத் திருப்புங்கள். கத்தி முனை ஸ்டட்டைத் தொடும் இடத்தில் துளி வாசலினும் தடவுங்கள்.

கேள்வி: இன்டொனேஷன் எப்படிச் சரிசெய்வது? இதில் சாடிலைத் தள்ள ஸ்குருவே இல்லையே?

இல்லைதான். இன்டொனேஷன் என்பது கழுத்து நெடுக எந்த ஃப்ரெட்டில் அழுத்தினாலும் சுருதி சரியாக விழுவது. இந்த பிரிட்ஜில் எனக்குப் பிடிக்காத வேலை இது ஒன்றுதான். 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தால், அதே இடத்தில் விரலால் தொட்டு மட்டும் எடுக்கும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருக்கிறதா? சாடில் பின்னால் போக வேண்டும். இறங்கியிருந்தால் முன்னால். கம்பியைத் தளர்த்தி, சாடிலைப் பிடித்திருக்கும் ஸ்குருவை இளக்கி, அரை மி.மீ. நகர்த்தி, இறுக்கி, திரும்பச் சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். தளர்த்தும் முன் சாடில் நிற்கும் இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கம்பிக்குக் கம்பி இதே கூத்து. காபி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கேள்வி: அண்ணா, நான் வயலின் கற்றவன். இப்போது கர்நாடக ராகங்களை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கிறேன். ஃப்ளாய்ட் ரோஸ் கமகத்துக்கு உதவுமா?

கேட்க நான் காத்திருந்த கேள்வி. கிட்டாரில் நாம் கமகத்தைப் பெரும்பாலும் கம்பியை வளைத்து, அல்லது சறுக்கி எடுக்கிறோம். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பியை வளைத்தால் அதன் இழுவை கூடி, பிரிட்ஜ் லேசாக முன்னால் சாயும். வளைக்காத கம்பிகள் எல்லாம் இறங்கும். ராக் வாசிப்பவருக்கு இது பல நேரம் காதில் விழாது. உங்களுக்கு விழும். தோடியில் காந்தாரத்தை அசைக்கும்போது பக்கத்தில் திறந்த கம்பியில் ஸட்ஜம் ஒலித்துக்கொண்டிருந்தால், அந்த ஸட்ஜமும் சேர்ந்து ஆடும். ஆதார சுருதியே ஆடினால் யார் கேட்பார்கள்? அதோடு, எட்ட வேண்டிய ஸ்வரத்துக்குச் சாதாரண பிரிட்ஜைவிடக் கூடுதலாக வளைக்கவும் வேண்டியிருக்கும், ஏனென்றால் நீங்கள் வளைக்க வளைக்க பிரிட்ஜ் விட்டுக்கொடுக்கிறது.

பாரை அசைத்துக் கமகம் எடுக்கலாமே என்றால், எல்லாக் கம்பியும் சேர்ந்தே அசையும். ஒற்றைக் கம்பி ஆலாபனையில், தம்புரா வேறு இடத்தில் ஒலிக்கும்போது, அழகாகவே இருக்கும். நான் கேட்டு ரசித்திருக்கிறேன். ஆனால் முழுக் கச்சேரிக்கு என்றால் பிளாக்கின் இரு பக்கமும் மரத்துண்டு வைத்து அசையாமல் கட்டிவிடுங்கள். அல்லது ட்ரெமல்-நோ என்ற கருவியைப் போட்டால், வேண்டும்போது பூட்டி, வேண்டாதபோது விடுவித்துக்கொள்ளலாம். பூட்டிய நட், ஃபைன் டியூனர் இரண்டின் பலனும் அப்போதும் கிடைக்கும்.

கேள்வி: 9 செட்டிலிருந்து 10க்கு மாறினேன். பிரிட்ஜ் வால் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

10-46 செட் சுமார் 47 கிலோ இழுக்கும். பழையதைவிட ஒன்பது கிலோ அதிகம். கிளா ஸ்குருவை இறுக்குங்கள். போதாவிட்டால் நான்காவது ஸ்பிரிங் சேருங்கள். திருப்புளியை வைக்கும் முன் கிளாவில் பற்றவைத்த எர்த் ஒயரைப் பாருங்கள். அது அறுந்தால் ஆம்ப் 'ம்ம்ம்' என்று இரைய ஆரம்பிக்கும். ஸ்குரு சும்மா சுற்றினால் மரத்தில் புரி போய்விட்டது என்று அர்த்தம். துளையைப் பெரிதாக்கி, தேக்கு முளை ஒட்டி, மறுநாள் புதுத் துளை போட வேண்டும். பசையும் பல்குத்தும் குச்சியும் வைத்து ஒப்பேற்றாதீர்கள், நாற்பது கிலோவுக்கு அது தாங்காது.

கேள்வி: சார், என் மகளுக்குப் பதினைந்து வயது. முதல் எலெக்ட்ரிக் கிட்டாரே ஃப்ளாய்ட் ரோஸோடு வேண்டும் என்கிறாள். வாங்கலாமா?

அவள் கேட்கும் இசையில் பாரை அழுத்தி முழங்கும் இடங்கள் நிறைய இருந்தால் ஆசை நியாயம்தான், அம்மா. ஆனால் விலை குறைந்த நகல் வேண்டாம். அவற்றில் கத்தி முனை மென்மையான உலோகம், ஒரு வருடத்தில் மழுங்கிவிடும். பட்ஜெட் அதற்கு மேல் போகாது என்றால் அசையாத பிரிட்ஜ் உள்ள நல்ல கிட்டார் வாங்கிக்கொடுங்கள். தினமும் சுருதியை மாற்றி மாற்றிப் பழகும் வயதில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அலென் கீயும் திருப்புளியும் எடுக்க வேண்டியிருந்தால் பிள்ளை சலித்துப்போவாள்.

கேள்வி: எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். ஸ்குரு எல்லாம் துரு.

வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடையுங்கள். மாதம் ஒருமுறை ஸ்குருக்களைக் கழற்றித் துளி எண்ணெய் வையுங்கள். துரு ஏறிய ஸ்குருவை நீளக் கீயால் முறுக்கினால் தலைக்குழி வட்டமாகிவிடும். நட்டு ஸ்குருவுக்கு 3 மி.மீ. கீ, இரண்டு விரல் பலம். அதற்கு மேல் வேண்டாம்.

கேள்வி: மேடையில் நடுப்பாட்டில் ஒரு கம்பி அறுந்தால்?

மீதி ஐந்தும் ஏறிவிடும், வாசிக்க முடியாது. ஸ்டாண்டில் இன்னொரு கிட்டாரைச் சுருதி சேர்த்து வையுங்கள். அது அசையாத பிரிட்ஜாக இருக்கட்டும்.