மகோகனி உயரமாகப் போகிறது, தண்டு பருக்கவில்லையே?

கேள்வி: மகோகனி நட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது, தண்டு மட்டும் கட்டைவிரல் பருமன்தான். சாயாமல் இருக்கக் கம்பு நட்டு நைலான் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டியிருக்கிறேன். பக்கக் கிளைகளை வந்ததும் கழித்துவிடுகிறேன். தண்டு பருக்க என்ன உரம் போடலாம்?

பதில்: உரம் அப்புறம் பார்க்கலாம். முதலில் கிளை கழிப்பதை நிறுத்துங்கள்.

மரம் உயர்வது நுனியில், பருப்பது பட்டைக்கு அடியில். பச்சைக் கிளையின் பட்டையை உரித்தால் கை வழுக்குமே, கேம்பியம் என்ற வளர்திசு அங்கேதான் இருக்கிறது. அது உள்பக்கம் கட்டையைச் சேர்க்கிறது. வெளிப்பக்கம், இலை தயாரிக்கும் சர்க்கரையைக் கீழே இறக்கும் திசுவைச் சேர்க்கிறது. வேர் பருப்பதும் இப்படித்தான். தென்னைக்கும் பனைக்கும் இந்த அடுக்கு கிடையாது, அதனால் அவற்றை இதோடு ஒப்பிட வேண்டாம்.

கேம்பியம் வேலை செய்யச் சர்க்கரை வேண்டும். கீழ்க் கிளையின் இலைகள்தான் அடித்தண்டுக்கும் வேருக்கும் பக்கத்தில் இருக்கும் சமையலறை. அதைக் கழித்துவிட்டால் நுனி மட்டும் ஓடும். மொத்த உயரத்தில் மேல் மூன்றில் இரண்டு பங்காவது இலையோடு இருக்கட்டும். கீழே உள்ளதையும் ஒரேயடியாக எடுக்காமல், தண்டு பருத்தபின் ஒவ்வொன்றாக எடுங்கள்.

அடுத்தது கட்டு. காற்றில் ஆடினால்தான் தண்டு தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். இறுக்கிக் கட்டிய கன்றுக்கு அந்தத் தேவையே வராது. கயிற்றுக்கு மேலே தண்டு புடைத்து, கீழே மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் சர்க்கரை அங்கேயே தேங்குகிறது, வேர் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். நைலானை உடனே அறுத்துவிடுங்கள். கன்று சாய்ந்தால், நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு முடிந்தவரை கீழே, அகலமான துணிப்பட்டையால் எட்டு வடிவில் தளர்வாக ஒரு கட்டு போதும். தானாக நின்றதும் அதையும் எடுத்துவிடுங்கள்.

அடித்தண்டைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் விலக்கியும் பாருங்கள். பாலித்தீன் பையில் சுருண்ட வேர் தண்டைச் சுற்றியிருந்தால் இப்போதே வெட்டிவிடுங்கள். வேரும் தண்டும் பருக்கப் பருக்க, அது கழுத்தை நெரிக்கும்.

தழைச்சத்தை இப்போது கூட்டினால் உயரம்தான் ஏறும். நெருக்கி நட்டிருந்தாலும் வெளிச்சத்துக்குப் போட்டிபோட்டு நெடுநெடுவென்று போகும். அப்படியானால் நலிந்த கன்றுகளைக் கலைத்துவிடுங்கள்.

நெஞ்சு உயரத்தில் பெயின்ட் வட்டம் போட்டு, வருடம் ஒருமுறை அதே இடத்தில் சுற்றளவு எடுங்கள். தண்டு நீள்வது நுனியில்தான் என்பதால் அந்த வட்டம் மேலே ஏறாது.